எவர்சில்வர் புகைக்குழாய்

மோட்டார்க் காரின் அடிவயிற்றில் என்ன இருக்கின்றது என்பதை நம் வாசகர்களுள் எத்தனை பேர் குனிந்து பார்த்திருப்பர்? நாமும் நெடுங்காலம் பார்த்ததில்லை. மேலே பூசிய வர்ணத்தையும் உள்ளே விரித்த மெத்தையையும் கண்டு வியப்பதோடு நமது ஆராய்ச்சி முடிந்துவிடும். சென்ற மாதம் பதுளையில், பசறை வீதியை ஒட்டிய ஒரு கராஜில் இரண்டு நாட்கள் காத்துக் கிடக்க நேர்ந்தபோதுதான் அந்த அறியாமை சற்று நீங்கிற்று.

நாம் அங்கே போனது எமது பழைய காரின் பொருட்டு. அதன் சைலன்சர் பெட்டியில் காசளவு ஓட்டை விழுந்து, வண்டி கிளம்பும்போதெல்லாம் பிரட்டுக்குத் தப்படிப்பது போன்ற ஓசை எழுந்தது. “அறுத்து ஒட்டித் தருகிறேன், ஐயா, ஆனால் முன்னால் ஒரு பெரிய வேலை இருக்கிறது” என்றான் அங்கே தொழில் பார்க்கும் இளைஞன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயின் மகன் அவன். தொழிற்பயிற்சி முடித்து நான்கு வருடமாக அங்கே வேலை செய்கிறான். கராஜ் முதலாளியை அவனும் ஊராரும் ‘பெரிய பாஸ்’ என்றே அழைப்பர்.

அந்தப் பெரிய வேலை மேடைமீது நின்றது. மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன் என்னும் ஜப்பானியக் கார். பார்வைக்குச் சாதாரணக் குடும்பக் கார் போலத்தான் இருக்கும். பின்னால் ஓர் இறக்கை, முன்னால் பெரிய வாய், அவ்வளவே. ஆனால் 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலக ரலி ஓட்டப் பந்தயத்தில் பின்லாந்தின் டொமி மாக்கினன் வெற்றிவாகை சூடியது இந்த வரிசைக் கார்களில்தான். இலங்கையில் 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இத்தகைய பழைய கார்களை வைத்திருந்தவர்கள் அவற்றைக் கோயில் யானை போலப் பேணி வந்தனர். இதன் சொந்தக்காரர் நகரில் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டிலிருந்து தருவித்த புதிய புகைக்குழாய்த் தொகுதி ஒன்றை நீண்ட பெட்டியில் கொண்டுவந்து வைத்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் கல்யாண வீட்டுச் சீர்வரிசைத் தட்டுகளைப் போல் எல்லாம் பளபளவென்று மின்னின.

“எவர்சில்வர்தானே இது?” என்று கேட்டோம்.

“அதேதான், ஐயா. சட்டி பானைக்கும் இதற்கும் பெரிய பேதமில்லை” என்றான் இளைஞன்.

அவன் சொன்னது மெய்யே. நம் வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடிக்காத எஃகில் பெயர்பெற்ற ஒரு வகையில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கலந்திருக்கும். குரோமியம் காற்றுப் பட்டதும் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய ஆடையொன்றைத் தன்மேல் போர்த்திக்கொள்ளும். கீறினாலும் அந்த ஆடை தானே மீண்டும் மூடிக்கொள்ளும். துரு நுழையாத இரகசியம் இதுவே. 1913 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து ஹரி பிரேர்லி இத்தகைய எஃகொன்றை உருக்கி வார்த்தார். பெண்மணிகள் காந்தத்தைக் கொண்டு பாத்திரத்தைச் சோதிப்பதுண்டு. ஒட்டினால் போலி என்பர். முற்றிலும் சரியன்று. நிக்கல் சேராத, குரோமியம் மட்டும் குறைவாகச் சேர்ந்த ஒரு வகை காந்தத்தில் ஒட்டும், ஆயினும் அதுவும் துருப்பிடிக்காத இனத்தைச் சேர்ந்ததே. கார்க் கொம்பனிகள் தாமே பொருத்தும் குழாய்கள் பலவும் அந்த மலிந்த வகையினவே.

எமது காரின் சைலன்சர் ஏன் ஓட்டையாயிற்று என்பதையும் அன்றுதான் அறிந்தோம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும் என்றால் நம்புவீர்களா? பெற்றோலிலுள்ள ஹைதரசன் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து நீராகின்றது. சூடேறிய குழாயில் அது ஆவியாய்ப் போய்விடும். குழாய் சூடேறுமுன் வண்டியை நிறுத்திவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். அப்புத்தளையிலும் தியத்தலாவையிலும் மூடுபனிக் காலையில் வீட்டிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து வீட்டுக்கும் ஓட்டுகிறவர்களின் சைலன்சர்கள் வெளியே மழையாலன்று, உள்ளே தேங்கும் இந்நீராலேயே உளுத்துப் போகின்றன. “கிழமைக்கு ஒருமுறையாவது பண்டாரவளை வரைக்கும் ஓட்டிவிட்டு வாருங்கள்” என்று இளைஞன் எமக்கு வைத்தியம் சொன்னான். மருந்தைவிட வைத்தியம் இனிதாயிருந்தது.

இனி ‘டேர்போ’ என்னும் சொல்லுக்கு வருவோம். பதுளைக்கு வரும் பஸ்களிலும் லொறிகளிலும் இது இன்று சர்வசாதாரணம். இயந்திரத்துள் வெடித்து வெளியேறும் வாயுவில் இன்னும் ஏராளமான வெப்பமும் விசையும் மிச்சமிருக்கும். அதை வீணே வானில் விடாமல், நத்தை ஓட்டைப் போன்ற ஒரு கூட்டினுள் செலுத்தி ஒரு சிறு சக்கரத்தைச் சுழலச் செய்கின்றனர். அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அள்ளி இயந்திரத்துள் திணிக்கின்றது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாய் எரியலாம். பலமும் மிகும். சக்கரம் நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சுவிற்சர்லாந்தின் அல்பிரட் பூக்கி 1905 ஆம் ஆண்டிலேயே இந்த யோசனைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார்.

மலைநாட்டாராகிய நமக்கு இதிலொரு தனி உரிமை உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகின்றதன்றோ? 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையிலிருந்து 1,400 மீற்றருக்கு மேற்பட்ட அப்புத்தளைக்கு ஏறினால், காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதினும் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைந்துவிடும். சாதாரண இயந்திரம் அந்த அளவுக்கு மூச்சுத் திணறும். டேர்போ பொருத்தியது திணறாது. 1918 ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியியலாளர் சான்போர்ட் மொஸ் ஓர் ஆகாய விமான இயந்திரத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு, கொலராடோவில் 4,300 மீற்றர் உயரமான பைக்ஸ் சிகரத்துக்கே போய், மெல்லிய காற்றிலும் அதன் பலம் குறையவில்லை என்று நிறுவினார். மலை ஏறுவதற்கென்றே வளர்ந்த வித்தை இது என்று நாம் பெருமை கொண்டாடினால் தவறாகாது.

புகைக்குழாயை ஏன் மாற்ற வேண்டும்? டேர்போவின் சக்கரத்துக்கு முன்னே அழுத்தம் மிகுந்தும் பின்னே குறைந்தும் இருக்குமளவுக்கு அது உற்சாகமாய்ச் சுழலும். பின்னேயுள்ள குழாய் ஒடுங்கியிருந்தால் நெரிசலில் நிற்கும் கூட்டம் போல வாயு தேங்கிவிடும். கார் கொம்பனியோ விலையையும் சத்தத்தையும் எல்லா நாட்டுச் சட்டங்களையும் எண்ணிக் குழாயை ஒடுக்கமாகவே செய்கின்றது. இரண்டேகால் அங்குல விட்டமுள்ள குழாய்க்குப் பதில் மூன்று அங்குலம் போட்டால், பார்வைக்கு முக்கால் அங்குலந்தான் வேறுபாடு. வழியோ முக்காற் பங்குக்கு மேல் அகன்றுவிடும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பாடசாலையில் மனனஞ்செய்த மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் சொந்தக்காரர் கேட்டது குழாய் மாற்றத்தை மட்டுமன்று. நச்சு வாயுவைச் சுத்திகரிக்கும் பெட்டியும் வேண்டாம், ஓசையடக்கும் பெட்டியும் வேண்டாம், முன்னிருந்து பின்வரை வெறும் குழாயாகவே போடு என்றார். முதற் பெட்டியைக் கராஜ்களில் ‘கெற்றலிற்றிக்’ என்பர். பிளாற்றினம், பலாடியம், றோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்களைத் தேன்கூடு போன்ற ஓட்டில் பூசி உள்ளே வைத்திருப்பார்கள். புகையிலுள்ள கார்பனோரொட்சைட்டு போன்ற நஞ்சுகள் அதன்மீது பட்டுத் தீங்கு குறைந்தனவாய் மாறும். அதை எடுத்துவிட்டால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறுவது கடினம்.

இளைஞன் சாவியைக் கீழே வைத்துவிட்டான்.

“அண்ணன், நான் போடமாட்டேன்.”

“பணம் தருவது நான், தம்பி. போடமுடியாதென்றால் கொழும்பில் போட்டுக்கொள்கிறேன்.”

பெரிய பாஸின் முகம் கறுத்தது. அவருக்கும் மாதம் முடிந்தால் வாடகை கட்ட வேண்டும். இத்தகைய கார் பதுளையில் எத்தனை உண்டு? ஒன்று போனால் அதன் நண்பர்களின் கார்களும் போய்விடும். அவர் இளைஞனைத் தனியே அழைத்து ஏதோ சொன்னார். அவன் தலை குனிந்து கேட்டான், ஆனால் அசையவில்லை. வீதியோரம் இருக்கும் தன் தாயின் லயத்தை அவன் நினைத்திருக்கிறான் என்பதைப் பின்னால்தான் அறிந்தோம். இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கார் பசறை வீதியில் ஏறி இறங்குவதை அந்த லயம் முழுவதும் அறியும். ஸ்டோரில் இராவேலை பார்த்துவிட்டுப் பகலில் உறங்குவோரும் உண்டு, விளக்கடியில் பரீட்சைக்குப் படிப்போரும் உண்டு. லயத்தின் தகரக்கூரை ஓசையை வாங்கித் திருப்பி அடிக்கும். ஓசையை அளக்கும் டெசிபெல் என்பது விசித்திரமான அளவை. பத்துக் கூடினால் காதுக்கு இருமடங்காய்த் தோன்றும், ஒலியின் ஆற்றலோ பத்து மடங்காகிவிடும்.

“தியத்தலாவைப் பந்தயத்துக்குத்தானே கேட்கிறேன்” என்றார் சொந்தக்காரர். அவர் சொன்னது பொக்ஸ்ஹில் மோட்டார்ப் பந்தயத்தை. எச்.எம்.எஸ். பொக்ஸ் என்னும் பிரித்தானியக் கப்பலின் மாலுமிகள் மலைச்சரிவில் நரியுருவம் ஒன்றைக் கல்லடுக்கி வரைந்ததால் அம்மலைக்கு அப்பெயர். அந்தப் பந்தயத்தின் பெயரைக் கேட்டதும் கராஜில் ஒரு கணம் எல்லாரும் மௌனமானார்கள். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி அங்கே ஒரு கார் தடத்தைவிட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துள் பாய்ந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அன்று அங்கே சென்றிருந்த குடும்பங்கள் ஊவாவில் அநேகம். புகைக்குழாய்க்கும் அந்த விபத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் பலத்தைக் கூட்டும் கதை நடக்கும் இடத்தில் அந்த நினைவு வராமலிராது.

மௌனத்தைக் கலைத்தவர் பெரிய பாஸே. “பந்தயத்துக்கு ஒரு நடுக்குழாய், வீதிக்கு ஒரு நடுக்குழாய். இரண்டுக்கும் ஒரே மாதிரி மூன்று போல்ற் விளிம்பு. பந்தயத் திடலில் மாற்றிக்கொள்ளலாம். வீதிக் குழாயில் இரண்டு பெட்டியும் இருக்கும்” என்றார். சொந்தக்காரருக்கு மனமில்லை. முதலில் வெறும் குழாயைப் போட்டுக் காட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். சோதனைக்கு மட்டும், ஒரே ஒருமுறை என்று இளைஞனும் இசைந்தான்.

வேலை தொடங்கிற்று. இதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றோம், ஏனெனில் வீட்டிலேயே இதைச் செய்யத் துணியும் மாணவர்களை நாம் அறிவோம். மலையூரில் சமதரை கிடைப்பதே அரிது. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவன் தன் உயிரை ஒரு றப்பர் வளையத்திடம் ஒப்படைக்கின்றான். சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை இருத்திய பின்னரே இளைஞன் உள்ளே நுழைந்தான். பழைய நட்டுகளுக்கு முந்திய இரவே எண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்தான். டேர்போவின் வாயிலுள்ள நட்டுகள் பல்லாண்டு வெந்து வெந்து இறுகியவை. அவசரப்பட்டால் உள்ளேயே முறிந்துவிடும். முறிந்ததை எடுக்க அரை நாள் ஆகும். அவற்றுள் ஒன்று ஒரு மணி நேரம் அவனைப் பாடாய்ப் படுத்திற்று. சுட்டான், தட்டினான், எண்ணெய் விட்டான், மீண்டும் சுட்டான். ஏசவில்லை. கடைசியில் அது கிறீச்சென்று அசைந்தபோது எமக்கே மூச்சு வந்தது.

ஒட்சிசன் அளக்கும் உணர்கருவியின் கம்பியைக் கழற்றி, குழாயைத் தொங்கவிடும் றப்பர் வளையங்களில் சவர்க்காரத் தண்ணீர் பூசி நழுவவிட்டான். புதியதை மாட்டும்போது எந்த நட்டையும் முழுதாய் இறுக்கவில்லை. முன்னிருந்து பின்னாக எல்லாவற்றையும் விரலால் திருகித் தொங்கவிட்டு, பெற்றோல் தாங்கி, பின்சக்கர அச்சு, கைபிரேக் கம்பி, பின்பம்பர் ஆகிய எதிலும் உரசாதபடி நெளித்துச் சரிபார்த்த பின்னரே இறுக்கினான். ஏன் இவ்வளவு இடைவெளி என்று வினவினோம். எவர்சில்வர் சூட்டில் சாதாரண எஃகினும் அதிகம் நீளுமாம். மூன்று மீற்றர்க் குழாய் 300 பாகை சூடேறினால் 15 மில்லிமீற்றர் நீண்டுவிடும். சாதாரண எஃகாயின் 11 மில்லிமீற்றர்தான். குளிர்ந்திருக்கும்போது நெருக்கமாய்ப் பொருத்திய குழாய், ஓடும்போது அடியில் இடித்துக் கடகடக்கும். நட்டுகளுக்குச் செம்புத் தூள் கலந்த பசையையும் தடவினான். எவர்சில்வரோடு எவர்சில்வர் உரசினால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பிறகு எந்தச் சாவிக்கும் அசையாதாம்.

வீதிக் குழாயின் நடுத்துண்டை அவனே பற்றவைத்தான். ஆர்கன் வாயுவின் போர்வையில் செய்யும் ஒட்டு அது. வெளிப்புறத்துக்கு மட்டுமன்றிக் குழாயின் உட்புறத்துக்கும் ஆர்கனை நிரப்பினான். நிரப்பாவிட்டால் உள்ளே சர்க்கரைக் கட்டி போலப் பொருக்கு எழும்பி, அந்த இடத்திலிருந்து துரு தொடங்கும். வெளியே அது யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ஒழுங்காய்ச் செய்கிறவனை நாம் அதிகம் கண்டதில்லை.

மறுநாள் வெறும் குழாயோடு சோதனை ஓட்டம். சொந்தக்காரர் ஓட்ட, இளைஞன் அருகிலிருந்து அழுத்தமானியைக் கவனித்தான். பின்னாசனத்தில் நாம். ஹாலிஎலப் பக்கம் ஏற்றத்தில் கால் அழுந்தியதும் எழுந்த முழக்கத்தை வருணிக்க முற்படோம். முள் ஏறிற்று, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் ஏறிற்று. திடீரென்று கார் முன்னால் சுவரில் மோதியதுபோல் குலுங்கித் தத்தளித்தது. நாம் இஷ்டதெய்வத்தை நினைத்தோம்.

காரணத்தை இளைஞன் விளக்கினான். சக்கரம் அளவுமீறிச் சுழலாதபடி மிகைவாயுவைப் பக்கத்தால் விடுவதற்கு ஒரு சிறு கதவு உண்டு. பின்வழி முற்றிலும் திறந்துவிட்டதால் சக்கரத்தின் வேகம் அக்கதவின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டுவிட்டது. காற்று அளவுக்கு மிஞ்சித் திணிக்கப்படுவதைக் கண்ட கணிப்பொறி எரிபொருளை நிறுத்தி இயந்திரத்தைக் காத்தது. காவாதிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கும். கதவைப் பெரிதாக்கி, கணிப்பொறியின் கணக்கையும் மாற்றியெழுதாமல் இந்தக் குழாயோடு ஓடுவது ஆபத்து என்றான். லயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சொந்தக்காரர் வெகுநேரம் பேசாமல் நின்றார். எதிரே ஒரு லொறி இறங்கி வந்தது. அதன் புகைக்குழாயை அடைத்து இயந்திரத்தையே பிரேக்காக்கும் கருவி ‘புஸ்ஸ்’ என்று சீறிற்று. இறக்கத்தில் அந்த அடைப்புத்தான் சாரதியின் உற்ற துணை. திறப்பதற்கு ஒருவர் தவிக்க, அடைப்பதற்கு ஒருவர் காசு கொடுக்கிறார் என்று எமக்குள் எண்ணிக்கொண்டோம்.

“வீதிக்குழாயைப் போடு, தம்பி” என்றார் கடைசியில். “மற்றதையும் கட்டி வை. கதவு வேலை முடித்துவிட்டுப் பந்தயத்தில் பார்ப்போம்.”

மாலைக்குள் மாற்றியாயிற்று. பெட்டிகள் இரண்டோடும் ஓடியபோது முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பழைய குழாயைவிட ஏற்றத்தில் சுறுசுறுப்பு தெளிவாய்த் தெரிந்தது. ஓசை தாழ்ந்த, கனத்த முணுமுணுப்பாய் இருந்தது. திரும்பி வந்தபோது டேர்போவை அடுத்த குழாய் வைக்கோல் நிறத்திலிருந்து ஊதாவாகவும் நீலமாகவும் மாறியிருந்தது. அடுப்பில் தண்ணீர் வற்றிப்போன எவர்சில்வர்க் கேத்தலின் அடியில் இல்லத்தரசிகள் கண்டிருக்கும் அதே வானவில்.

எமது காரின் ஓட்டையும் இருட்டுமுன் அடைபட்டது. இளைஞன் வீடு திரும்ப வேண்டியிருந்ததால் அவனை ஏற்றிக்கொண்டு பசறை வீதியில் சென்றோம். லயத்து வாசலில் அவன் தாய் நின்றிருந்தார். தேநீர் அருந்தாமல் போகவிடவில்லை. “என்னமோ பெரிய காரு வேலைன்னு சொன்னானே, ஐயா. அது இந்தப் பக்கம் எப்போ வரும்?” என்று கேட்டார்.

“அரை மணிக்கு முன்னமே மேலே போய்விட்டதே, அம்மா” என்றான் மகன்.

“போயிருச்சா? எனக்குக் கேக்கலையே” என்று அவர் வீதியை எட்டிப் பார்த்தார்.

சூட்டில் நீண்டு சுருங்கிய நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்க அடுத்த ஞாயிறு காலை கார் கராஜுக்கு வருமாம். எம்மையும் வரச் சொல்லியிருக்கிறான், எமது ஒட்டு தாங்குகிறதா என்று பார்க்க.